பழைய தண்ணியா, புதுத் தண்ணியா? – வாகனக் கேள்வி பதில்

எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய பிறகு ஒயிலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணி) கலந்து தெரிகிறது, என்ன செய்வது என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. வாகனங்கள் வேறு வேறு. ஆனால் ஒரு கேள்விக்குரிய விடை மற்றக் கேள்விக்கும் தேவைப்படுகிறது. அதனால் எல்லாவற்றையும் இந்த இதழிலேயே சேர்த்து எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எனது கார் டொயோட்டா கரோலா 121, 1என்.இசட். பெற்றோல் எஞ்சின். கொழும்பிலிருந்து வரும்போது மகாஓயாவுக்கு இப்பால் சூடேறி நின்றுவிட்டது. கராஜில் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) கழற்றி, அதன் முகத்தைச் சமப்படுத்திப் பேஸிங் அடித்து, புது ஹெட் கெஸ்கட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) போட்டுத் தந்தார்கள். நாலு நாளில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடியிருப்பேன். இன்று டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. வேலை செய்தவர் "ஓட ஓடச் சரியாயிடும்" என்கிறார். இன்னொரு மெக்கானிக் "ஹெட்டைத் திரும்பவும் கழற்ற வேணும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். காரை நிறுத்துங்கள். கராஜுக்குக் கொண்டுபோவதென்றாலும் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒயிலில் இருப்பது வேலை நடந்தபோது விழுந்த பழைய தண்ணியா, இப்போதும் உள்ளே வந்துகொண்டிருக்கும் புதுத் தண்ணியா? பழையதென்றால் சில லீற்றர் ஒயிலோடும் இரண்டு மூன்று ஃபில்டரோடும் வேலை முடிந்துவிடும். புதியதென்றால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஹெட்டைத் திரும்பக் கழற்றினால், நல்லாக இருந்த கெஸ்கட்டையும் வீணாக்கி, வேலைக்கூலியும் இரண்டாம் முறை கொடுக்க வேண்டி வரும்.

பழைய தண்ணி எப்படி வந்திருக்கும்? ரேடியேற்றரின் அடிக் குழாயைத் திறந்தால் ரேடியேற்றர் மட்டும்தான் வெறுமையாகும். சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தண்ணி பிளொக்குக்குள்ளேயே நிற்கும். பிளொக்கில் அதற்கென்று தனி ட்ரெயின் உண்டு. அதைத் திறக்காமல் ஹெட்டைத் தூக்கினால் அந்தத் தண்ணி சிலிண்டருக்குள்ளும் ஒயில் இறங்கும் துவாரங்களுக்குள்ளும் வழிந்து, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்குப் போய்ச் சேரும். அரை லீற்றர் கூட எளிதாக இறங்கிவிடும். வேலை முடிந்ததும் ஒருமுறை ஒயில் மாற்றினாலும், ஒயில் பம்ப்பிலும் துவாரங்களிலும் ஹெட்டின் பள்ளங்களிலும் தங்கிய கலவை புது ஒயிலோடு சேர்ந்து அதையும் வெளுப்பாக்கிவிடும். எனவே கராஜில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பூட்டிய பிறகு ஒயில் மாற்றினீர்களா, எத்தனை தரம், ஃபில்டரும் மாற்றினீர்களா? பழைய ஒயிலையே விட்டிருந்தால் பழைய தண்ணி என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

இனிப் பரிசோதனை. காரை ஓர் இரவு அசையாமல் சமதரையில் நிறுத்துங்கள். காலையில் சம்ப் நட்டை முழுவதும் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். கூலன்ட் ஒயிலை விடப் பாரமானது, அடியில்தான் நிற்கும். தனியாக நின்றிருந்தால் ஒயிலுக்கு முன் அதுதான் சொட்டும். அதை ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். ஒன்றாகக் கலந்து பாலாகிவிட்டால் அப்படிப் பிரியாது. அப்போது வருகிற ஒயிலிலேயே கொஞ்சத்தைப் போத்தலில் எடுத்து இரண்டு நாள் வையுங்கள். அடியில் படியும் தண்ணியின் நிறத்தைக் கவனியுங்கள். உங்கள் காரில் முன்பு இளஞ்சிவப்புக் கூலன்ட் இருந்து, கராஜில் பச்சை ஊற்றியிருந்தால், இந்த நிறமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

வெளியே வந்த முழு ஒயிலையும் அளந்து பாருங்கள். உங்கள் எஞ்சினுக்கு ஃபில்டரோடு ஏறத்தாழ 3.7 லீற்றர் ஒயில். எவ்வளவு ஊற்றினார்கள் என்று பில்லில் இருக்கும். 3.7 ஊற்றிய இடத்தில் 4.3 வந்தால் கூடுதல் 0.6 எங்கிருந்து வந்தது என்பது தெளிவு. அதோடு ரேடியேற்றரில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஆனால் இங்கே ஒரு கவனம் தேவை. கூலிங் பகுதியைத் திறந்து பூட்டினால் உள்ளே காற்றுத் தங்கும். முதல் இரண்டொரு தடவை சூடாகி ஆறும்போது அந்தக் காற்று வெளியேறி, அந்த இடத்துக்குத் தண்ணி இறங்கும். அந்தக் குறைவை ஒழுக்கு என்று எடுத்துவிடக்கூடாது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் குறைந்தால்தான் அது ஒழுக்கு.

கலந்தது தண்ணிதானா என்று சந்தேகம் இருந்தால், வெளி முற்றத்தில் ஓர் இரும்புச் சட்டியை நன்றாகச் சூடாக்கி, கண்ணாடி அணிந்துகொண்டு, ஒரு சிறு துளி ஒயிலை விடுங்கள். தண்ணி இருந்தால் படபடவென்று வெடிக்கும். பக்கத்தில் புது ஒயிலிலும் ஒரு துளி விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். துளிக்கு மேல் வேண்டாம், தெறிக்கும்.

அடுத்ததுதான் மிக நம்பகமான சோதனை. கராஜ்களில் இதைத்தான் தவற விடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஒயில் முழுவதையும் வடித்துவிட்டு சம்ப் நட்டைக் கழற்றியபடியே விடுங்கள். ரேடியேற்றரை வாய்வரை நிரப்புங்கள். மூடிக்குப் பதிலாக ரேடியேற்றர் பிரஷர் டெஸ்டரைப் பூட்டிக் கையால் காற்றடியுங்கள். மூடியில் அதன் பிரஷர் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும், அந்த அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். சம்ப் துவாரத்தின் கீழ் சுத்தமான தட்டு ஒன்றை வைத்து, குறைந்தது 2 மணித்தியாலம், முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். முதலில் மீதி ஒயில் சொட்டும். அதற்குப் பிறகு ஊற்றிய கூலன்ட்டின் நிறத்திலேயே தெளிந்த சொட்டு விழுந்தால் அது புதுத் தண்ணி. ஹெட்டோ வேறெதோ இப்போதும் ஒழுகுகிறது. டெஸ்டரின் முள் இறங்காமல், தட்டிலும் எதுவும் விழாமல் நின்றால், குளிர்ந்த நிலையில் ஒழுக்கு இல்லை.

இதே நேரத்தில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பிளக் துவாரங்களை ஒரு துணியால் மூடி, எஞ்சினை ஸ்பானரால் கையில் சுற்றுங்கள். எந்தத் துவாரத்திலாவது ஈரம் தெரிந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணி இறங்குகிறது. கழற்றிய பிளக்குகளில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல வெளுத்திருந்தாலும் அதே அர்த்தம்தான்.

குளிரில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கீழே சொல்வதுபோல ஒயிலை மாற்றிக் கழுவிய பிறகு சூட்டிலும் ஒருமுறை இதே பிரஷர் சோதனையைச் செய்ய வேண்டும். அலுமினிய ஹெட் சூட்டில் விரியும். சூட்டில் மட்டும் திறக்கும் வெடிப்பும் உண்டு, ஆறும்போது மட்டும் ஒழுகும் கெஸ்கட்டும் உண்டு. சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பிறகே டெஸ்டரைப் பூட்டுங்கள்.

கழுவும் முறை இதுதான். விலை குறைந்த, ஆனால் எஞ்சினுக்கென்றே உள்ள மினரல் ஒயில் 8 லீற்றரும் ஃபில்டர் மூன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் 3.7 லீற்றரை ஊற்றி, புது ஃபில்டர் பூட்டி, ஐட்லிங்கில் மட்டும் 10 முதல் 15 நிமிடம் ஓட விடுங்கள். ரேஸ் பண்ண வேண்டாம், வீதியில் இறக்க வேண்டாம். சூட்டோடு வடியுங்கள். ஃபில்டரை மாற்றி இரண்டாம் முறையும் இப்படியே. இரண்டாம் முறை வடிந்தது தெளிவாக இருந்தால் மூன்றாவது ஃபில்டரோடு நல்ல ஒயிலை ஊற்றுங்கள். இன்னும் மங்கலாக இருந்தால் மூன்றாம் முறையும் கழுவுங்கள். ஃபில்டரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பாலான ஒயில் ஃபில்டர் கடதாசியை ஊதவைத்து அடைத்துவிடும். அடைத்தால் அதிலுள்ள பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஒயில் நேரே பெயாரிங்குக்குப் போகும்.

அதன்பின் 50, 200, 500 கிலோமீற்றரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ரிசேவ் டாங்கியில் தண்ணி நிற்கும் மட்டத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டிவையுங்கள். ஒயில் தெளிவாகவும் மட்டம் அசையாமலும் 500 கடந்தால், ஹெட்டைத் தொடத் தேவையில்லை.

"ஓட ஓடச் சரியாயிடும்" என்பது வெறும் தண்ணிக்குக் கொஞ்சம் பொருந்தும். ஒயில் 100 பாகைக்கு மேல் சூடேறினால் தண்ணி ஆவியாகிப் போய்விடும். கூலன்ட்டில் உள்ள கிளைகோல் அப்படிப் போகாது. அதன் கொதிநிலை 197 பாகை, சம்ப்பில் ஒயில் அந்தச் சூட்டுக்கு வருவதில்லை. தண்ணி போன பிறகும் கிளைகோல் அங்கேயே கிடந்து ஒயிலோடு சேர்ந்து பிசினாகும், அமிலமாகவும் மாறும். கிராங் பெயாரிங்கின் மேற்பூச்சை முதலில் தின்பது அதுதான். எஞ்சின் தட்டத் தொடங்கும்போது கெஸ்கட் செலவு ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

கேள்வி: மேலே உள்ள அதே நிலைமைதான் எனக்கும். பிரஷர் சோதனையில் சம்ப் துவாரத்தால் பச்சைத் தண்ணி சொட்டியது. இனி ஹெட்டைக் கழற்றுவதுதானே வழி?
– வாசகர், நிந்தவூர்

பதில்: அநேகமாக ஆம். ஆனால் அதற்கு முன் ஓர் இடத்தைப் பாருங்கள். டைமிங் செயின் உள்ள பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்ற டைமிங் கவரையும் கழற்ற வேண்டும். வோட்டர் பம்ப் அந்தக் கவரோடுதான் இருக்கும், கூலன்ட் கவரின் ஊடாகப் போகும். அங்குள்ள கெஸ்கட்டோ ஓ-ரிங்கோ நசுங்கியிருந்தாலும், பழையதையே திரும்பப் போட்டிருந்தாலும், கூலன்ட் கவரின் உட்பக்கமாக வழிந்து நேரே சம்ப்புக்கு இறங்கும். ஹெட்டில் ஒரு குறையும் இருக்காது. வால்வ் கவரைக் கழற்றி, பிரஷர் ஏற்றியபடியே, லைட் பிடித்துச் செயின் பக்கம் பாருங்கள். சம்ப்பைக் கழற்றக்கூடிய வாகனமென்றால் கீழிருந்து பார்ப்பது இன்னும் நல்லது. செயின் பக்கமாக வழிகிறதா, சிலிண்டர் பக்கமாகவா என்பது கண்ணுக்கே தெரியும். சம்ப்பைக் கழற்றினால் ஒயில் உறிஞ்சும் வலையையும் கழுவிவிடுங்கள். பூட்டும்போது அளவுக்கு மிஞ்சிப் பூசிய சிலிக்கன் கெஸ்கட் பசை புழுப்போல உதிர்ந்து அந்த வலையில்தான் போய் அடைக்கும்.

ஹெட்டைத் தான் கழற்ற வேண்டும் என்றாகிவிட்டால், முதல் தடவை எதனால் பிழை வந்தது என்று பார்க்காமல் புதுக் கெஸ்கட்டை வைத்து மூடக்கூடாது. நாம் அடிக்கடி காணும் காரணங்கள் இவை. ஹெட்டைப் பேஸிங் அடித்திருப்பார்கள், பிளொக்கின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நேர்க்கோல் வைத்து, 0.05 மில்லிமீற்றர் ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும். ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் அதே அளவு. நுழைந்தால் அந்த முகம் சரியில்லை.

இரண்டாவது, போல்ட் துவாரங்களில் தேங்கிய தண்ணியும் ஒயிலும். அந்தத் துவாரங்களுக்கு அடிப்பக்கம் வழி கிடையாது. உள்ளே நீர் இருக்க போல்ட்டை இறுக்கினால் நீர் நசுங்காது. டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) கிளிக் என்று சொல்லும், ஆனால் ஹெட் முழுதாக இறுகியிருக்காது. பிளொக்கே வெடிப்பதும் உண்டு. ஒவ்வொரு துவாரத்தையும் கொம்பிரசர் காற்றால் ஊதி, துணி சுற்றிய கம்பியால் துடைக்க வேண்டும்.

மூன்றாவது போல்ட். இந்தக் காலத்து எஞ்சின்களில் அனேகமானவற்றில் ஹெட் போல்ட் இழுபட்டுத்தான் பிடிக்கும். 1என்.இசட். எஞ்சினில் 29 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, பிறகு 90 பாகை, திரும்பவும் 90 பாகை என்று மூன்று படி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை தவறாமல். மூன்று படியையும் எல்லாப் போல்ட்டுக்கும் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும், ஒரு போல்ட்டை ஒரேயடியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. சூடேறி நின்ற எஞ்சினுக்குப் புதுப் போல்ட் போடுவதே எங்கள் விருப்பம். பழையதைப் போடுவதென்றால் மனுவலில் உள்ள அளவுக்கு மேல் நீண்டிருக்கிறதா, ஓரிடத்தில் மெலிந்திருக்கிறதா என்று அளந்த பிறகே போடுங்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. கெஸ்கட் முகத்தைச் சுத்தம் செய்ய, மின் துளைகருவியில் சுற்றும் நார்த் தகடு பிடிப்பார்கள். அந்தத் தூள் உப்புத்தாளின் தூள்தான். ஒயில் துவாரங்களுக்குள் போனால் பெயாரிங்கை அரைத்துவிடும். அது முகத்தில் குழிகளையும் உண்டாக்கும், அந்தக் குழிகளின் மேல் உருக்குக் கெஸ்கட் பிடிக்காது. பிளாஸ்டிக் சுரண்டியும் கெஸ்கட் கரைக்கும் ஸ்ப்ரேயும் கூடுதல் நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

கேள்வி: ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஒயில் சுத்தம். கார் வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும்தான் ஓடுகிறது. இதுவும் ஹெட் கெஸ்கட்தானா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: பயப்பட வேண்டாம். மாரி காலத்தில் குறுந்தூரம் ஓடும் காரில் இது வரும். சூட்டு முள் 5 நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், ஒயில் சூடாக அதைப்போல மூன்று நாலு மடங்கு நேரம் தேவை. எஞ்சினுக்குள் உண்டாகும் நீராவி, குளிர்ந்து கிடக்கும் மூடியில் போய்ப் படிந்து ஒயிலோடு குழைகிறது. மூடியைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் வாழைச்சேனைப் பக்கமோ கல்முனைப் பக்கமோ நிற்காமல் ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு வந்து பாருங்கள். திரும்ப வரவில்லை, ரேடியேற்றர் மட்டமும் குறையவில்லை என்றால் விட்டுவிடலாம். வந்தால், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வை மாற்றுங்கள், விலை குறைந்த சாமான்தான்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: காரில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணியை ரேடியேற்றருக்கு விடாமல் மறிப்பது) இருக்கிறதா? "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. இந்த வெண்ணெய்ப் படிவுக்கு அது முக்கியமான காரணம், பெற்றோலையும் கூடக் குடிக்கும்.

கேள்வி: டொயோட்டா கே.டி.எச். டீசல் வான். டிப்ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ரேடியேற்றருக்குள்ளும் ரிசேவ் டாங்கியிலும் கறுப்பாக ஒயில் மிதக்கிறது. ஹெட் போய்விட்டதா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதலில் ஒயில் கூலரைப் பாருங்கள். அதில் ஒயிலும் கூலன்ட்டும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஓடுகின்றன. எஞ்சின் ஓடும்போது ஒயில் பிரஷர் 3, 4 பார் இருக்கும், கூலன்ட் பிரஷர் 1 பார் அளவுதான். தகட்டில் துவாரம் விழுந்தால் பலம் உள்ள பக்கம் மற்றதற்குள் புகும், அதாவது ஒயில் கூலன்ட்டுக்குள். எஞ்சினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகும். ஒயில் பிரஷர் உடனே பூச்சியம், கூலன்ட் பிரஷர் ஆறும் வரை நிற்கும். அப்போது தண்ணி ஒயிலுக்குள் போகலாம். ஆகவே டிப்ஸ்டிக் இன்றைக்குச் சுத்தம் என்று ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கூலரைக் கழற்றி, கூலன்ட் பக்க வாய்கள் திறந்திருக்க, ஒயில் பக்கத்தின் ஒரு வாயை அடைத்து, மறுவாயால் 4 பார் காற்று ஏற்றி, சுடுதண்ணியில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் அதுதான். ஒட்டுப் போட வேண்டாம், கூலரையே மாற்றுங்கள். அண்மையில் கூலரைக் கழற்றிப் பூட்டியிருந்தால் அதன் கெஸ்கட்டும் ரிங்குகளுமே பிழையாக இருக்கக்கூடும். குமிழி வராவிட்டால்தான் ஹெட் கெஸ்கட்டில் ஒயில் ஏறும் துவாரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றிய பிறகு கூலிங் பகுதியைக் கழுவுவது பெரிய வேலை. பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றாதீர்கள், நுரை பொங்கிப் பம்ப் தண்ணியைத் தள்ளாது, எஞ்சின் சூடேறும். முன்பக்கக் கதவுள்ள சலவை மெஷினுக்கு விற்கும் நுரை குறைந்த தூளைச் சுடுதண்ணியில் நன்றாகக் கரைத்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து 10 நிமிடம் ஓட்டி வடியுங்கள். தண்ணி தெளியும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தூள் அலுமினியத்தில் தங்கக்கூடாது, கடைசியாக இரண்டு மூன்று முறை வெறும் தண்ணியால் அலசுங்கள். ஒயில் பட்ட றப்பர் ஹோஸ் ஊதி மெதுமெதுவென்று ஆகிவிடும். கையால் நசுக்கிப் பாருங்கள். கனிந்த வாழைப்பழம்போலக் குழைந்தால் எல்லா ஹோஸும் மாற்ற வேண்டும். ரேடியேற்றர் மூடி, தெர்மோஸ்டாட் இரண்டும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: நீல நிறத் திரவம் உள்ள குழாயை ரேடியேற்றர் வாயில் வைத்துச் சோதித்தார்கள். நிறம் மாறவில்லை, ஆகவே ஹெட் கெஸ்கட் நல்லது என்றார்கள். ஆனால் ஒயில் பாலாகிக்கொண்டே இருக்கிறது.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: அந்தச் சோதனை பார்ப்பது எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறதா என்பதை மட்டும். வந்தால் பெற்றோல் எஞ்சினில் நீலம் மஞ்சளாகும். கெஸ்கட் பிரித்து வைப்பது மூன்றை: எரியும் வாயு, கூலன்ட், ஒயில். கூலன்ட்டுக்கும் ஒயிலுக்கும் நடுவே மட்டும் உடைந்திருந்தால் அங்கே வாயுவுக்கு வேலையில்லை, நிறமும் மாறாது. முதல் பதிலில் சொன்ன சம்ப் துவாரச் சோதனையைச் செய்யுங்கள். உங்களுடையது டொயோட்டாவின் 2சி அல்லது 3சி டீசல் எஞ்சின் என்றால் ஹெட்டில் வால்வ் இருக்கைகளின் நடுவே வெடிப்பு வருவது அந்த எஞ்சின்களில் தெரிந்த குறை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேத்தில் கொடுத்து, தண்ணி வழிகளை அடைத்து, காற்றேற்றி, சுடுதண்ணித் தொட்டியில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணியில் சோதித்தால் வெடிப்பு மூடியே இருக்கும்.

கேள்வி: எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்து கழுவலாமா? ஒழுக்கை அடைக்கும் தூளைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், செங்கலடி

பதில்: இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய்க்குப் பெயாரிங்கைத் தாங்கும் பிடிப்பு இல்லை, 5 நிமிடம் ஐட்லிங்கில் ஓடினாலும் காயம் விழும். கழற்றி வைத்த சம்ப்பையும் வலையையும் வெளியே வைத்துக் கழுவ மண்ணெண்ணெய் நல்லது, அத்தோடு நிறுத்துங்கள். அடைக்கும் தூள் வெடிப்பைத் தேடிப் போவதில்லை. ஒடுக்கமான எல்லா வழியிலும் படியும், அதில் ரேடியேற்றரின் நுண்குழாய்களும் ஹீற்றரும் அடக்கம்.

கேள்வி: ஓட்டோ கியர் கார். கியர் ஒயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆகிவிட்டது. எஞ்சின் ஒயில் நல்லாக இருக்கிறது.
– வாசகர், வாழைச்சேனை

பதில்: ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும் கியர் ஒயில் கூலர் உடைந்திருக்கிறது. உடனே நிறுத்துங்கள், இது எஞ்சினை விட அவசரம். கியர்பொக்ஸின் கிளச் தட்டுகளில் ஒட்டியுள்ள கடதாசி போன்ற பொருள் தண்ணியில் ஊறினால் உரிந்துவிடும். புது ரேடியேற்றர் போட்டு, உரிய வகைக் கியர் ஒயிலால் சில தடவை மாற்றிப் பாருங்கள். தண்ணியோடு பல நாள் ஓடியிருந்தால் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டி வரும்.

கேள்வி: எங்கள் ஊரில் பனியும் இல்லை, உறையும் குளிரும் இல்லை. கிணற்றுத் தண்ணி ஊற்றினால் என்ன?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: கூலன்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டும் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. நமக்கு அது தேவைப்படுவது அரிப்பைத் தடுக்கவும் கொதிநிலையைக் கூட்டவும்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலத்துக் கிணறுகளில், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பு ஏறும். அந்த உப்பு அலுமினிய ஹெட்டில் தண்ணி போகும் துவாரங்களின் ஓரத்தைக் கரைத்துக் குழியாக்கும். கெஸ்கட் பிடிக்க வேண்டிய இடம் அதே ஓரம்தான். பேஸிங் அடித்துப் புதுக் கெஸ்கட் போட்டும் சில கார்களில் மூன்றாம் மாதமே ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலந்தே வரும் கூலன்ட்டை வாங்கினால் அப்படியே ஊற்றுங்கள். தண்ணி கலக்காத கட்டிக் கூலன்ட் வாங்கினால் டிஸ்டில் வோட்டரோடு சரிபாதி. பற்றரிக்கு ஊற்றும் தண்ணி சரி, பற்றரி அசிட் அல்ல, கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்த்து எடுங்கள். மொத்தக் கொள்ளளவு 5 லீற்றர் என்றால் 2.5 லீற்றர் கட்டிக் கூலன்ட்டை முதலில் ஊற்றிவிட்டு மீதியைத் தண்ணியால் நிரப்புங்கள். அலசிய தண்ணி பிளொக்குக்குள் ஒன்றரை லீற்றர் வரை நிற்கக்கூடும். தண்ணியை முதலில் ஊற்றினால் கூலன்ட்டுக்கு இடம் இல்லாமல் போய்விடும். பச்சையையும் இளஞ்சிவப்பையும் கலக்காதீர்கள்.

கேள்வி: கழுவி வடித்த ஒயிலும் கூலன்ட்டும் இரண்டு கன் நிறைய இருக்கிறது. வேலியோரம் கிடங்கு வெட்டி ஊற்றலாமா?
– வாசகர், களுதாவளை

பதில்: ஊற்ற வேண்டாம். மணல் எதையும் பிடித்து வைக்காது, சில அடி ஆழத்தில் கிணற்று நீர். ஒயிலை மூடியுள்ள கன்னில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். கூலன்ட் கலந்திருப்பதைச் சொல்லிக் கொடுங்கள், நல்ல ஒயிலோடு சேர்த்துவிடக்கூடாது. வெறும் கூலன்ட் இனிப்பாக இருக்கும். நாய், பூனை, மாடு நக்கிக் குடித்தால் சிறுநீரகம் செயலிழந்து இறக்கும். தரையில் சிந்தியதை மரத்தூள் போட்டு ஒற்றி எடுத்து, அந்த இடத்தைத் தண்ணியால் கழுவும் வரை கோழி, ஆடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.